அக்கி ஆறிய பிறகும் எரியும் முகம்

அக்கிக் கொப்புளங்கள் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, தோல் பார்வைக்குத் தெளிந்த பிறகும் அதே இடத்தில் எரிச்சலும் குத்தலும் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி. அக்கி உடம்பில் எங்கும் வரலாம். மார்பையோ முதுகையோ ஒரு பக்கமாக வளைத்துப் பட்டையாக வருவதுதான் அதிகம். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வருவது நூற்றில் பத்து முதல் இருபது பேருக்கு. ஆனால் வலி தங்கிவிடும் வாய்ப்பு இவர்களுக்குத்தான் கூடுதல். முதுகுத் தோலைத் துணியால் மூடிக் காக்கலாம். முகத்துக்கு அந்த மறைப்பு கிடையாது. மின்விசிறிக் காற்று, குளிக்கும் தண்ணீர், சீப்பு, சவரக்கத்தி, மூக்குக்கண்ணாடி, நெற்றியில் வைக்கும் பொட்டு என்று அன்றாடம் முகத்தைத் தொடும் எதுவும் வலியைக் கிளப்பிவிடும்.

இதற்கு முதலில் தரப்படுபவை மாத்திரைகள். அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை பலருக்குப் பலனும் தருகின்றன. ஆனால் இந்த வலியோடு வருபவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள். அவர்களுக்குப் பகலெல்லாம் தூக்கக் கலக்கம், எழுந்தால் தலைசுற்றல், வாய் உலர்தல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்று தொல்லைகள் சேர்ந்துகொள்கின்றன. இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், நரம்பு வலியைவிடப் பெரிய துன்பம் அது. ஆகவே வலிக்கும் இடத்திலேயே போட்டு, ரத்தத்தில் அதிகம் கலக்காமல் வேலை செய்யும் மேற்பூச்சு மருந்து வயதானவர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. அதை உடம்பில் எங்கு போடுவதையும்விட முகத்தில் போடுவது கடினம். காரணம், பக்கத்தில் இருக்கும் கண்.

ஐந்தாவது நரம்பு

சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா ஸோஸ்டர் வைரஸ்தான் அக்கிக்கும் காரணம். சிறுவயதில் அம்மை இறங்கிய பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. உணர்வு நரம்புகளின் முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. வயதாலோ புற்றுநோய் சிகிச்சையாலோ ஸ்டீராய்டு மருந்தாலோ எதிர்ப்பு சக்தி தளரும்போது, ஏதோ ஒரு முடிச்சில் விழித்துப் பெருகி, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கத்தோடு நிற்கிறது. நெற்றியின் நடுக்கோட்டில் அளந்து வைத்தாற்போல் நின்றுவிடுகிறது.

முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் எனப்படும் ஐந்தாவது மூளை நரம்பு. அதற்கு மூன்று கிளைகள். முதல் கிளை நெற்றி, கண், மூக்குத் தண்டு ஆகியவற்றுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் மேல்பற்களுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகின்றன. அக்கி அதிகம் தாக்குவது முதல் கிளையை. மூக்கின் நுனியிலோ பக்கவாட்டிலோ கொப்புளம் தெரிந்தால் கண்ணும் பாதிக்கப்பட வாய்ப்பு அதிகம் என்பதை லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் 1860-களில் கவனித்து எழுதினார். மூக்கு நுனிக்கு வரும் அதே சிறுகிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. இந்த அடையாளம் தெரிந்தால் கண் மருத்துவரிடம் அன்றைக்கே காட்ட வேண்டும். அடையாளம் இல்லை என்பதற்காகக் கண் தப்பியது என்றும் நினைத்துவிடக் கூடாது.

முகத் தசைகளை அசைக்கும் ஏழாவது நரம்பு வேறு. அதன் முடிச்சில் வைரஸ் விழித்தால் காதில் கொப்புளமும் ஒரு பக்க வாய்க்கோணலும் வரும். 1907-ல் அதை விவரித்த ஜேம்ஸ் ராம்சே ஹன்ட்டின் பெயரால் அந்த நோய் அழைக்கப்படுகிறது. முகத்தில் நீடிக்கும் அக்கி வலி பெரும்பாலும் ஐந்தாவது நரம்பைச் சேர்ந்தது.

வைரஸ் வரும் வழியெல்லாம் நரம்பைச் சேதப்படுத்துகிறது. தோலில் உள்ள நுண்ணிய நரம்பு முனைகள் அழிகின்றன. முடிச்சில் உள்ள நரம்பணுக்கள் சாகின்றன. உடற்பகுதியில் அக்கி வலியோடு வாழ்ந்து இறந்த சிலரின் தண்டுவடத்தை 1980-களின் இறுதியில் பிரேதப் பரிசோதனை செய்த கனடா மருத்துவர் பீட்டர் வாட்சனும் சகாக்களும், வலிச் செய்தி முதலில் வந்து சேரும் பகுதியே சுருங்கியிருந்ததைக் கண்டார்கள். தோலில் தொடங்கிய நோய் மைய நரம்பு மண்டலம் வரை போய்விடுகிறது. மேற்பூச்சு சிலரிடம் நன்றாக வேலை செய்வதும், சிலரிடம் எவ்வளவு பூசினாலும் பலிக்காததும் இதனால்தான்.

முதல் 72 மணி நேரம்

தமிழகக் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் அக்கி என்றால் பலருக்கு இன்னும் முதலில் நினைவுக்கு வருவது அக்கி எழுதுவது. குயவர் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதிக்கொண்டு வருவார்கள். கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானாகவே காய்ந்துவிடும் என்பதால், எழுதியதால் ஆறியது என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. காவி கண்ணுக்குள் போகாதவரை அதனால் பெரிய தீங்கு இல்லை. தாமதம்தான் தீங்கு. ஏசைக்ளோவிர், வாலசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் ஆகிய வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். வழக்கமான அளவு வாலசைக்ளோவிர் 1 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, ஏழு நாள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அளவு குறையும். கண்ணைச் சேர்ந்த அக்கியில் 72 மணி நேரம் கடந்திருந்தாலும் மாத்திரை தருவது வழக்கம். எழுதியே தீர வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ளட்டும். மாத்திரையை அன்றே விழுங்கிவிட்டு எழுதிக்கொள்ளட்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஏசைக்ளோவிர் களிம்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். அக்கியில் வைரஸ் பெருகுவது நரம்பு முடிச்சில். தோல்மேல் தடவும் களிம்பு அங்கே போய்ச் சேராது. மாத்திரைக்குப் பதிலாகக் களிம்பை மட்டும் தடவிக்கொண்டு முதல் மூன்று நாளைக் கழித்துவிடுவது, மேற்பூச்சைத் தவறான கட்டத்தில் நம்புவதாகும். மேற்பூச்சுக்கு உரிய காலம் பின்னால் வருகிறது.

வலியின் வகை

பூசுவதற்கு முன் வலியின் தன்மையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோயாளிகள் சொல்வதைக் கவனித்துக் கேட்டால் மூன்று வகை தெரியும். ஒன்று, எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும் எரிச்சல். இரண்டாவது, ‘சுரீர்’ என்று பாய்ந்து ஓடி மறையும் மின்னல் வலி. மூன்றாவது, தொட்டால் வலி: வலிக்கவே கூடாத ஒன்று வலிப்பது. துண்டின் நுனி பட்டால், ஒரு முடி நெற்றியில் விழுந்தால், விசிறி திரும்பி முகத்தில் வீசினால் துடித்துப்போகிறார்கள்.

பரிசோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். கொஞ்சம் பஞ்சைத் திரியாக முறுக்கி, வலி இல்லாத பக்கத்து நெற்றியில் முதலில் தொட்டுக் காட்டிவிட்டு, பிறகு வலியுள்ள பக்கத்தில் உச்சியிலிருந்து புருவம் நோக்கி மெல்ல இழுப்பார் மருத்துவர். எந்த இடத்தில் நோயாளி முகத்தைச் சுளிக்கிறாரோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி. நாலைந்து திசைகளிலிருந்து அப்படி வந்தால் தொட்டால் வலிக்கும் பரப்பின் எல்லை கிடைத்துவிடும். அடுத்து, மழுங்கிய ஊசியால் மெல்லத் தொடும்போது ‘தெரியலையே’ என்று நோயாளி சொன்னால் அந்த இடம் மரத்துப்போயிருக்கிறது. பலரிடம் மரத்த இடமும் தொட்டால் வலிக்கும் இடமும் ஒரே நெற்றியில் அடுத்தடுத்து இருக்கும்.

இந்த வரைபடத்துக்கு மருந்து ரீதியான பொருள் உண்டு. தோலில் நரம்பு முனைகள் பிழைத்திருந்து, ஆனால் அளவுக்கு மீறிச் சீண்டப்பட்ட நிலையில் இருந்தால் தொட்டால் வலி மிகும். முனைகள் பெருமளவு அழிந்து, வலி மேலே முடிச்சிலும் மூளைத்தண்டிலும் உற்பத்தியானால் மரமரப்பு மிகும். கலிஃபோர்னியாவின் ஹோவர்ட் ஃபீல்ட்ஸ், மைக்கேல் ரௌபாதம் ஆகியோரும் ஜெர்மனியின் ரால்ஃப் பாரோனும் 1998-ல் இந்தப் பாகுபாட்டைத் தெளிவாக முன்வைத்தார்கள். முதல் வகையினரிடம் மேற்பூச்சைச் சோதித்துப் பார்ப்பதில் நியாயம் அதிகம். அடக்குவதற்கு அங்கே முனைகள் இருக்கின்றன. நடைமுறையில் இரண்டும் கலந்தே வருவதால், யாருக்குப் பலிக்கும் என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.

முற்றிலும் மரத்த முகத்தோல் வேறொரு ஆபத்தையும் கொண்டுவரும். சிலருக்கு வலிக்குப் பதில் ஓயாத அரிப்பு. சொறிந்தால் வலிக்காது என்பதால் கை நிற்பதில்லை. முகத்தில் அக்கி வந்த ஒரு பெண் தூக்கத்தில் சொறிந்து சொறிந்து மண்டையோட்டையும் கடந்துவிட்டதை பாஸ்டன் மருத்துவர் ஆன் லூயிஸ் ஓக்லாண்டர் 2002-ல் பதிவு செய்தார். அந்தத் தோலில் நரம்பு முனைகள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. மூக்கு மடலோரம் ஆறாத புண் வந்தால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

லிக்னோகெய்ன்

முகத்துக்கு மிகவும் பொருந்தும் மேற்பூச்சு லிக்னோகெய்ன். வெளிநாடுகளில் லிடோகெய்ன் என்பார்கள். பல் பிடுங்கும்போது ஈறில் போடும் மரப்பு ஊசியும் இதே மருந்துதான். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-ல் இதைத் தயாரித்தார். உடன் பணிபுரிந்த பெங்ட் லுண்ட்க்விஸ்ட் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். 1948-ல் சைலோகெய்ன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நரம்பின் உறையில் சோடியம் நுழையும் வாயில்களை அடைத்து, வலிச் செய்தி கிளம்புவதையே தடுக்கிறது. சேதமடைந்த முனைகள் இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பவை என்பதால், தோல் முழுவதும் மரத்துப்போவதற்குத் தேவையானதைவிடக் குறைந்த மருந்திலேயே அவை அடங்குகின்றன. வலி குறைய வேண்டும், தொடு உணர்வு போக வேண்டியதில்லை என்பதே இங்கே நோக்கம்.

முக வலிக்கு இது உதவும் என்பதற்கு நேரடியான சான்று உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ரௌபாதம் குழு 1995-ல் 39 பேரிடம் 5% லிக்னோகெய்ன் ஜெல்லைச் சோதித்தது. முகத்திலும் தலையிலும் வலி இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். சோதனையின் அமைப்பு நேர்த்தியானது. ஒரு முறை வலிக்கும் பக்கத்தில் மருந்து ஜெல், ஒரு முறை வலி இல்லாத எதிர்ப்பக்கத்தில் மருந்து ஜெல், ஒரு முறை இரு பக்கமும் வெறும் ஜெல். எதில் எது என்று பூசியவருக்கும் தெரியாது, பூசிக்கொண்டவருக்கும் தெரியாது. வலிக்கும் இடத்தில் பூசியபோது வலி தெளிவாகக் குறைந்தது. ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய் வேலை செய்யும் மருந்தாக இருந்தால் எந்தப் பக்கம் பூசினாலும் ஒன்றுதான் அல்லவா? தோலிலேயே வேலை நடக்கிறது என்பது இதில் வெளிப்பட்டது.

அடுத்த ஆண்டு அதே குழு 35 பேரிடம் ஒட்டும் பேட்சைச் சோதித்தது. மருந்து பேட்ச் முன்னால் நின்றது. மருந்தே இல்லாத வெறும் பேட்சும், எதுவும் ஒட்டாமல் இருப்பதைவிட மேலாக இருந்தது. காற்றும் துணியும் படாமல் தோலை மறைப்பதே ஒரு சிகிச்சை என்பதற்கு இது சாட்சி. 5% லிக்னோகெய்ன் பேட்சுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 1999-ல் அக்கி வலிக்காகவே அனுமதி தந்தது. ஆனாலும் இந்த ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. கிடைத்த சான்றுகளை 2014-ல் அலசிய காக்ரேன் மதிப்பாய்வு, தரமான பெரிய ஆய்வுகள் இல்லை என்றும், சிலருக்குப் பலன் தெரிகிறது என்றும் எழுதியது. நரம்பு வலிக்கான உலக வல்லுநர் குழு 2015-ல் பேட்சை இரண்டாம் வரிசை மருந்தாக வைத்தது. மாத்திரை தாங்காத முதியவருக்கு அதையே முதலில் தொடங்கும் மருத்துவர்கள் உண்டு. அவர்கள் செய்வது சரி.

ஒட்டும் முறை

ஒரு பேட்ச் 10 செ.மீ. அகலம், 14 செ.மீ. நீளம்; அதில் 700 மி.கி. மருந்து. நெற்றிக்கு அவ்வளவு தேவைப்படாது. தொட்டால் வலிக்கும் பரப்பைப் பேனாப் புள்ளிகளால் அறிந்த பிறகு, பின்புறத் தாளை உரிக்காமலேயே கத்திரிக்கோலால் அந்த வடிவத்துக்கு வெட்ட வேண்டும். நெற்றியின் முடியோரத்துக்கு வளைவாகவும், புருவத்துக்கு மேல் ஒரு விரல் இடம் விட்டும் வெட்டினால் கண்ணுக்கு அருகில் வராது. தோல் உலர்ந்து, கொப்புளமோ பொருக்கோ இல்லாமல் ஆறியிருக்க வேண்டும். முகம் கழுவி, துடைத்து, தாளை உரித்து, நடுவில் வைத்து ஓரங்களுக்குத் தடவி ஒட்ட வேண்டும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 12 மணி நேரம் ஒட்டியிருக்கலாம். அடுத்த 12 மணி நேரம் தோலுக்கு ஓய்வு. வெளியே போகிறவர்கள் இரவில் ஒட்டிக்கொள்கிறார்கள். பகலில்தான் வலி என்பவர்கள் காலையில் ஒட்டுகிறார்கள். மேலே வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது; சூட்டில் மருந்து அதிகம் உறிஞ்சப்படும்.

சொன்னபடி ஒட்டினால் தோல் வழியே உள்ளே போவது 3% அளவுதான். அதாவது கழற்றி எறியும் பேட்சில் பெரும்பகுதி மருந்து மிஞ்சியிருக்கிறது. ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகளுக்கும் வீட்டு நாய் பூனைக்கும் எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும். வாயில் போட்டு மென்றால் உயிருக்கே ஆபத்து.

பேட்ச் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கும், மூக்கு மடல், கன்னத்து மடிப்பு போன்ற ஒட்டாத இடங்களுக்கும் லிக்னோகெய்ன் களிம்போ ஜெல்லோ பயன்படும். மெல்லிய படலமாகத் தடவினால் போதும். லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் சேர்ந்த கிரீமும் உண்டு. அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும் என்பதால் நெற்றியின் மேல்பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தடவிய பின் பிளாஸ்டிக் தாளால் மூடுவது தவறு. அமெரிக்காவில் லேசர் முடி நீக்கத்துக்கு முன், வலுவான மரப்புக் கிரீமைக் காலில் பூசி உறையிட்டுச் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் வலிப்பு வந்து, நினைவிழந்து, இறந்தார்கள்; 2007-ல் எஃப்டிஏ இதைச் சொல்லி எச்சரித்தது. இதயத் துடிப்பைச் சீராக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கடுமையான ஈரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை கண்ணைப் பற்றியது. முதல் கிளையில் அக்கி வந்தவர்கள் பலருக்குக் கருவிழியின் உணர்வு ஏற்கெனவே மங்கியிருக்கும். தூசி விழுந்தாலும் உறுத்தாது, இமைப்பது குறையும், கருவிழி உலர்ந்து புண்படும். அங்கே லிக்னோகெய்னும் கசிந்தால் மிஞ்சிய உணர்வும் போய்விடும். வியர்வையில் வழிந்து வருவதும், பூசிய விரலால் கண்ணைக் கசக்குவதும்தான் வழக்கமாக நடக்கும் பிழைகள். கண் வலிக்கு மரப்புச் சொட்டு மருந்து கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது பார்வையையே பறிக்கக்கூடிய பழக்கம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க இரண்டு முதல் நான்கு வாரம் போதும். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று தினமும் ஒரே நேரத்தில் நாட்காட்டியில் குறித்துவந்தால் ஞாபகம் ஏமாற்றாது. குறைந்திருந்தால் தொடரலாம். அசைவே இல்லையென்றால் நிறுத்திவிடலாம். அடிமைப்படுத்தும் மருந்து அல்ல என்பதால் நிறுத்துவதில் சிரமம் இல்லை.

மிளகாயின் காரம்

மேற்பூச்சுகளில் இரண்டாவது பெரிய பெயர் கேப்சைசின், மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருள். போர்த்துகீசியர் வழியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த மிளகாய், நரம்பியலுக்கு ஒரு முக்கியக் கதவையும் திறந்தது. ஹங்கேரியின் மிக்லோஷ் யான்ச்சோ 1940-களில், கேப்சைசினைத் திரும்பத் திரும்பக் கொடுத்த விலங்குகள் பிறகு எரிச்சலூட்டும் வேதிப்பொருள்களுக்கு அசைவதே இல்லை என்று கண்டார். அரை நூற்றாண்டு கழித்து 1997-ல், காரத்தை உணரும் மூலக்கூறான டிஆர்பிவி1-ஐ டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் பிரித்தெடுத்தது. 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டுக்குத் திறப்பதும் அதே மூலக்கூறுதான். காரம் சுடுவதாகத் தோன்றுவது அதனால். ஜூலியஸ் 2021-ல் ஆர்டெம் பட்டபூட்டியனோடு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மருந்தாக இது இரண்டு வடிவில் வருகிறது. 0.025%, 0.075% அளவுள்ள கிரீம்களைத் தினம் மூன்று நான்கு முறை தடவ வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் எரியும். வலி உள்ள இடத்திலேயே மேலும் எரிச்சல் என்பதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விட்டு விட்டுத் தடவினால் எரிச்சல் மட்டும் மிஞ்சும், பலன் வராது. இன்னொன்று 8% பேட்ச். 2009-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. மருத்துவமனையில், நைட்ரைல் கையுறை அணிந்து, ஒரு மணி நேரம் ஒட்டி எடுக்கிறார்கள். தோலின் நரம்பு முனைகள் பின்வாங்கிச் செயலிழந்து, மெல்லத் திரும்ப வளர மூன்று மாதங்கள் ஆகும்; அதுவரை வலி குறைந்திருக்கும்.

அக்கி வலிக்கான மேற்பூச்சுகளில் பெரிய ஆய்வுகளின் ஆதரவு அதிகம் உள்ளது இந்த 8% பேட்ச். ஆனால் முகத்திலும் தலையிலும் போடக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. பச்சை மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேட்சில் இருப்பது அதே பொருளின் செறிவு. காய்ந்த துகள் மூக்கில் போனாலே இருமல் அடங்காது. கண்ணை முழுதும் மூடிக் காத்து, நெற்றியில் மட்டும் இதை ஒட்டிப் பார்த்த சில சிறப்பு மையங்களின் அனுபவம் மருத்துவ இதழ்களில் உண்டு. அதை வீட்டிலோ சாதாரணக் கிளினிக்கிலோ செய்துபார்க்க இடமே இல்லை. குறைந்த அளவு கிரீமும் கண் கிளையில் வந்த வலிக்கு ஏற்றதல்ல. கீழ்த்தாடைக்கு மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் யோசிக்கலாம்.

மற்றவை

1980-களில் ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துக் குளோரோஃபார்மில் கரைத்து வலியுள்ள இடத்தில் தடவிப் பார்த்தார்கள். பலன் கண்டதாக எழுதியவர்களும் உண்டு. இன்று அது வழக்கத்தில் இல்லை. அமிட்ரிப்டிலினையும் கெட்டமினையும் குழைத்த கிரீம் பெரிதும் பேசப்பட்டது. 92 பேரிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில் வெறும் கிரீமைவிட அது மேலாக இல்லை. கபாபென்டின் கிரீமுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான சான்று இல்லை. போட்டுலினம் ஊசியைத் தோலுக்கடியில் போடுவது சிலருக்கு உதவுகிறது. முகத்தில் புருவமோ வாயோரமோ தற்காலிகமாகத் தொங்கிவிடும் வாய்ப்பை ஏற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் கவனம் தேவைப்படுபவை பூண்டு விழுது, தைலம், கற்பூர எண்ணெய். மரத்த தோல் சூடு உணராது. பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்பளிப்பது தெரியாமலே போகும். பனிக்கட்டியை நேரே வைப்பதும் அப்படித்தான். மெல்லிய பருத்தித் துணி, இலேசான கண்ணாடிச் சட்டம், விசிறியின் திசையை மாற்றி வைப்பது ஆகிய சிறு ஏற்பாடுகள் இவற்றைவிடப் பாதுகாப்பானவை. வெறும் பேட்சே வலியைக் குறைத்தது என்ற அந்த ஆய்வை நினைத்தால் இவற்றை அற்பம் என்று தள்ளிவிட முடியாது.

மேற்பூச்சு மட்டும் எல்லோருக்கும் போதாது. எந்நேரமும் கனலும் ஆழமான வலிக்கு மாத்திரையும் தேவைப்படும். 2015 வல்லுநர் குழுவின் கணக்கில், ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய அமிட்ரிப்டிலின் வகை மருந்தை ஏறக்குறைய 4 பேருக்கும், கபாபென்டின், பிரிகாபலினை 6 முதல் 8 பேருக்கும், 8% கேப்சைசின் பேட்சை 10, 11 பேருக்கும் தர வேண்டியிருக்கிறது. எந்த மருந்தும் எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பது இந்த எண்களில் தெரிகிறது. பேட்சோடு மாத்திரையைச் சேர்க்கும்போது மாத்திரையின் அளவைக் குறைவாக வைத்துக்கொள்ள முடிகிறது என்பதே முதியவர்களுக்குக் கிடைக்கும் லாபம். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற வேறொரு முக வலிக்குத் தரும் கார்பமாசெபின் மாத்திரையை, இதுவும் முகத்தில் வரும் வலிதானே என்று இதற்கும் எழுதுவது உண்டு. மின்னல் வலி தவிர மற்றவற்றுக்கு அது பெரிதாக உதவாது.

பலருக்கு வலி மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவே தணிகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. பேட்ச் பயன்படுத்துபவர்கள் சில மாதங்களுக்கு ஒரு முறை, ஒரு வாரம் ஒட்டாமல் இருந்து பார்க்கலாம். வலி திரும்பவில்லையென்றால் தேவை முடிந்தது.

அக்கி வராமலே தடுக்கும் ஷிங்கிரிக்ஸ் தடுப்பூசி இந்தியாவில் 2023 முதல் 50 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடைக்கிறது. இரண்டு தவணை, இடைவெளி இரண்டு முதல் ஆறு மாதம். பெரிய ஆய்வுகளில் இது அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலியை 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 91%, 70-க்கு மேற்பட்டவர்களிடம் 89% அளவுக்குத் தடுத்தது. விலை பலருக்கு எட்டாததாகவே இருக்கிறது. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும், கொப்புளம் முழுதும் ஆறிய பிறகு, மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். தங்கிவிட்ட வலியை அது குறைக்காது; இன்னொரு முறை அக்கி வருவதைத் தடுக்க மட்டுமே அது உதவும்.